மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’

‘ஹரிதாஸ்’ 1944 ஒக்டோபர் 16ஆம் திகதி, தீபாவளியன்று வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அன்று தொடங்கிய படம் அடுத்த தீபாவளிக்கும் அங்கேயே ஓடியது. 1946 தீபாவளி வந்தபோதும் மாறவில்லை. எத்தனை நாள் ஓடியது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. 110 வாரம் என்றும் 114 வாரம் என்றும் 133 வாரம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆகக் குறைந்த கணக்கை எடுத்தாலும் 1946 நவம்பர் பிற்பகுதி வரை வந்துவிடுகிறது. ஆகவே ‘மூன்று தீபாவளி கண்ட படம்’ என்று ஊர் சொல்வதில் மிகை இல்லை.

இந்தச் சாதனையின் அருமையை அறியத் தீபாவளிக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டும். விடியற்காலை எண்ணெய் முழுக்கு, புது உடுப்பு, கோயில், பலகாரம், உறவினர் வீடு என்று போகும் நாளில் மத்தியானத்துக்குப் பிறகு குடும்பத்தோடு படம் பார்ப்பது தமிழர்களுக்கு ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆனது. அந்தச் சடங்கு கேட்பது புதுப்படம். போன வருடத்துச் சட்டையை யாரும் தீபாவளிக்கு உடுத்துவதில்லை. போன வருடத்துப் படமும் அப்படித்தான். தயாரிப்பாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து அந்த ஒரு நாளுக்குப் படத்தைக் கொண்டுவருவதும், பண்டிகைக் கூட்டம் வடிந்ததும் பல படங்கள் பெட்டிக்குள் போவதும் வழக்கம். அப்படிப்பட்ட நாளில், ஒரு வருடம் பழசான படம், பிறகு இரண்டு வருடம் பழசான படம், புதிதாக வந்தவற்றுக்கு இடம் விடாமல் நின்றது. இது வழக்கத்துக்கு நேர் எதிர். அதற்குக் காரணங்கள் படத்துக்குள்ளும் இருந்தன, வெளியிலும் இருந்தன.

முதற் காரணம் கதை. பண்டரிபுரத்துப் புண்டலீகனின் கதை இந்தியா முழுவதும் பரவியது. பேசாப் படக் காலத்திலேயே, 1912இல், பம்பாயில் ‘ஸ்ரீ புண்டலீக்’ என்ற படம் வந்துவிட்டது. பின்னாளில், 1957இல், என்.டி. ராமராவ் நடித்த தெலுங்குப் படமான ‘பாண்டுரங்க மகாத்மியம்’ எடுத்துக்கொண்டதும் இதே கதைதான். இந்தப் படத்தில், செல்வத்தில் திளைத்த மகன் ஹரிதாஸ் பெற்றோரை வீட்டைவிட்டு வெளியேறச் செய்கிறான். தாசி ரம்பாவின் மோகத்தில் சொத்தை இழக்கிறான். கால்களையும் இழந்து தவழ்ந்து திரியும் நிலை வந்தபிறகே மனம் திருந்துகிறான். அதன்பின் தாய் தந்தைக்குச் செய்யும் தொண்டே அவனுக்கு வழிபாடு. கடவுளே வாசலுக்கு வந்தபோதும் தொண்டை இடையில் விட மறுத்து, நிற்பதற்கு ஒரு செங்கல்லைத் தந்து காத்திருக்கச் சொன்னான் என்பது புண்டலீகன் கதையின் சிகரம்.

புது உடுப்பைப் பெற்றோர் கையால் வாங்கி, காலில் விழுந்து வணங்கி உடுத்தும் நாள் தீபாவளி. பெற்றோரை மதியாத மகனின் வீழ்ச்சியையும் மீட்சியையும் சொல்லும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. பாட்டனும் பேரனும் ஒரே வரிசையில் இருந்து பார்க்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பங்கு இருந்தது. முதியோருக்குப் பக்தி. இளைஞருக்கு ரம்பாவாக நடித்த டி.ஆர். ராஜகுமாரி. சிறுவருக்கு நகைச்சுவை நடிகர்கள் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். இசைப்பித்தருக்குக் கதாநாயகன் தியாகராஜ பாகவதரோடு என்.சி. வசந்தகோகிலமும் கிடைத்தார். வசந்தகோகிலம் கச்சேரி மேடையில் பெயர் பெற்ற கர்நாடக சங்கீத வித்துவான். ஹரிதாஸின் மனைவியாக நடித்தார். 1951இல் இளம் வயதிலேயே காலமானார். அவருடைய குரலைத் திரையில் கேட்கக் கிடைக்கும் சில இடங்களில் இந்தப் படம் ஒன்று.

படத்தை மதுரை ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் நிறுவனம் எடுத்தது. 1937இல் பாகவதரை வைத்து ‘சிந்தாமணி’யைத் தந்து, அதன் லாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே கொட்டகை கட்டியவர்கள் இவர்கள். இயக்கம் மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த சுந்தர் ராவ் நட்கர்னி. வசனம் இளங்கோவன். பாடல்களை எழுதி மெட்டமைத்தவர் பாபநாசம் சிவன். வாத்திய இசை ஜி. ராமநாதன். படப்பிடிப்பு கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் நடந்தது.

அக்காலப் பேசும் படம் நாடக மேடையின் பிள்ளை. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த நாடகக் கம்பெனிகளில் பாடத் தெரியாதவர் கதாநாயகன் ஆக முடியாது. திருச்சியில் பொற்கொல்லர் குடும்பத்தில் வளர்ந்த தியாகராஜனும் மேடையிலிருந்துதான் வந்தார். எஸ்.டி. சுப்புலட்சுமியோடு அவர் மேடையில் நடித்த ‘பவளக்கொடி’யையே கே. சுப்பிரமணியம் 1934இல் படமாக்கினார். பாகவதரின் முதற் படம் அது. அதில் ஐம்பது பாட்டுகள் வரை இருந்தன என்பர். பாட்டுக்கு நடுவே கொஞ்சம் பேச்சு என்பதே அப்போதைய முறை. படங்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவதும் சாதாரணம்.

‘ஹரிதாஸ்’ அப்படி நீளவில்லை. நீள விடாமல் செய்தது உலகப் போர். கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கப்பல்கள் போருக்குப் போய்விட்டன. 1942இல் பிரித்தானிய இந்திய அரசு எந்தப் படமும் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. அதாவது இரண்டு மணி நேரம் சொச்சம். தயாரிப்பாளர்கள் இதை இடைஞ்சலாகவே பார்த்தார்கள். ஆனால் ‘ஹரிதாஸ்’ போன்ற படத்துக்கு அது வாய்ப்பாக அமைந்தது. பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது, ஒவ்வொரு பாட்டுக்கும் கதையில் ஒரு வேலை வந்தது. ஆணவம் பிடித்தவனின் உல்லாசம், மோகம், வீழ்ச்சி, அழுகை, சரணாகதி என்று கதையின் ஒவ்வொரு படியிலும் ஒரு பாட்டு நிற்கிறது. பாட்டுகளை வரிசையாகக் கேட்டாலே கதை விளங்கிவிடும். திரும்பத் திரும்பப் பார்க்கத் தூண்டும் படத்துக்கு இந்தச் சுருக்கம் பெரிய பலம்.

இன்னொன்று இசைத்தட்டு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சமே பாடும். கச்சேரியில் அரை மணி நேரம் விரிக்கக்கூடிய ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கி, சங்கீதம் தெரியாதவனும் முணுமுணுக்கும்படி தருவது எளிதல்ல. பாபநாசம் சிவன் கீர்த்தனைகள் இயற்றியவர். ராமநாதன் நாடக மேடையின் துள்ளலை அறிந்தவர். இருவரும் கூடியபோது சாஸ்திரீயமும் ஜனரஞ்சகமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் சேர்ந்தன. பாகவதரின் குரல் மேல் ஸ்தாயியில் தெளிவாக நிற்கும், சொற்கள் சிதையாது. ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவும் இன்றுபோல் வளராத நாளில் அந்தத் தெளிவே பாதி வெற்றி.

ராஜகுமாரியின் ஆட்டத்தோடு வரும் ‘மன்மத லீலை’ பாட்டு சாருகேசி ராகத்தில் அமைந்தது. மேளகர்த்தா வரிசையில் 26ஆவதான இந்த ராகம் அதுவரை பரவலாகக் கேட்கப்பட்ட ஒன்றல்ல. அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது இந்தப் பாட்டுதான் என்று இசை விமர்சகர்கள் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். பாட்டின் இடையில் ராஜகுமாரி விரல்களால் முத்தத்தை எறிவார். பக்திப் படம் ஒன்றில் 1944இல் அந்தச் சைகை உண்டாக்கிய கிளர்ச்சி பல காலம் பேசப்பட்டது. இதற்கு எதிர் முனையில் நிற்பது நவரோஜ் ராகத்தில் அமைந்த ‘கிருஷ்ணா முகுந்தா’. மோகத்தின் பாட்டும் மன்றாட்டின் பாட்டும் ஒரே குரலில் வருகின்றன. இரண்டையும் சமமான ஈடுபாட்டோடு பாடியதால்தான் அந்த மனிதனின் மாற்றம் நம்பும்படி இருக்கிறது. பாகவதரின் நடிப்பு விறைப்பானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறை சரியாகவும் இருக்கலாம். முகத்தில் வராத உணர்ச்சி எல்லாம் குரலில் வந்துவிட்டது என்பதே அதற்கான பதில்.

படம் வெளியாகி மூன்று வாரம் கழித்து, நவம்பர் 8ஆம் திகதி, சென்னை வேப்பேரியில் ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகை அது. அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் மறு விசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஆக, படத்தின் கதாநாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறைக்குள் இருக்க, படம் மட்டும் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று தீபாவளியின் இரகசியத்தில் ஒரு பாதி இங்கே இருக்கிறது. பிலிம் தட்டுப்பாட்டினால் போர்க்காலத்தில் புதுப்படங்கள் குறைவு. சிறையினால் புதிய பாகவதர் படம் அடியோடு இல்லை. 1945 தீபாவளிக்கோ 1946 தீபாவளிக்கோ பாகவதரைத் திரையில் பார்த்துக் கேட்க விரும்பியவருக்கு ஓடும் படமாக இருந்தது ‘ஹரிதாஸ்’. திரையில் செல்வத்தையும் கால்களையும் இழந்து கதறுபவன் வெளியே உண்மையாகவே எல்லாம் இழந்து நிற்கிறான் என்ற நினைப்பு, பார்ப்பவர் மனத்தில் கதையின் கனத்தைக் கூட்டியிருக்கும். ஆனால் இந்தக் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு படத்தின் வெற்றியை விபத்தாகச் சொல்வது நியாயமாகாது. வழக்குத் தொடங்குமுன்பே மக்கள் திரளத் தொடங்கிவிட்டார்கள். வழக்கு முடிந்த பின்பும் பாட்டுகள் நின்றன.

கொழும்புக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு பலருக்கும் தெரியாத ஒன்று. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. போர் முடியும்வரை நகரம் படைமுகாமாகவே இருந்தது. இலங்கையில் அப்போது சொந்தமாகப் பேசும் படம் இல்லை. 1928இல் சிற்றம்பலம் கார்டினர் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் காட்டிய இந்திய, ஆங்கிலப் படங்களே இருந்தன. பாடி நடிக்கும் தமிழ்ப் படத்தின் அமைப்பைப் பார்த்தே இங்குள்ளோர் சினிமா என்பது இப்படித்தான் என்று பழகினார்கள். முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21ஆம் திகதி வெளியானது. அதைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் தமிழர், எடுக்கப்பட்ட இடம் மதுரை. அதே ஆண்டில் வந்த ‘அசோகமாலா’ எடுக்கப்பட்டது கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில், அதாவது ‘ஹரிதாஸ்’ உருவான அதே தளத்தில். தொடக்ககாலச் சிங்களப் படத்தின் பாட்டும் நகைச்சுவையும் கண்ணீரும் கலந்த கட்டமைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் இந்த இரண்டு நகரங்களையும் கடந்து போக முடியாது.

கொழும்பில் பண்டிகைப் படம் பார்க்கும் பழக்கம் ஊருக்கு ஊர் தன் கொட்டகைகளோடு வளர்ந்தது. வெள்ளவத்தையில் பிளாஸாவும் ரொக்ஸியும், கொட்டாஞ்சேனையில் செல்லமஹாலும் கிங்ஸ்லியும் இருந்தன. களனி கங்கைக்கு அக்கரையில் பேலியகொடை, வத்தளைப் பக்கத்தில் இருந்த தமிழருக்குப் பாலத்தைக் கடந்தால் கொட்டாஞ்சேனை கிட்ட. தீபாவளிக்குப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், அதன் பிறகு படம் என்பது இயல்பாக ஒட்டிக்கொள்ளும் திட்டம்.

1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’ கொழும்பு மைலன் படமாளிகையில் நாற்பது வாரம் வரை ஓடியது என்பர். அந்தப் படத்தோடு பாட்டு ஆண்ட காலம் முடிந்தது. மக்கள் இப்போது வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். பாகவதர் விடுதலையாகி நடித்த ‘ராஜமுக்தி’ 1948இல் தோற்றது. ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புதுவாழ்வு’ ஆகியவையும் பழைய இடத்தை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் திகதி அவர் காலமானார். கடைசிப் படம் ‘சிவகாமி’ அதற்குப் பிறகே, 1960இல் திரைக்கு வந்தது. மொத்தம் பதினான்கு படங்கள்.

நாயகன் மறைந்து, பாணியும் மாறிய பிறகு ஒரு பழைய படத்தின் பாட்டுகள் எப்படி நின்றன? பதிலின் பெரும்பகுதி கொழும்பில் இருக்கிறது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு இரசனையைக் கெடுக்கும் என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த நேரம் சுருங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 1957 ஒக்டோபரில் விவித் பாரதி தொடங்கும்வரை நிலைமை அதுதான். அந்த இடைவெளியை நிரப்பியது இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு. போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்துக்காக அமைத்த 100 கிலோவாற் சிற்றலைப் பரப்பி, அந்தப் படையின் வானொலியான ரேடியோ சீக் கலைந்த பிறகு ரேடியோ சிலோனுக்குக் கிடைத்தது. பேலியகொடையிலிருந்து நீர்கொழும்பு வீதியில் வடக்கே போனால் ஜா-எல. அதற்கு அடுத்த ஏக்கலையில் நின்ற அந்தக் கோபுரங்களிலிருந்துதான் இந்தியா முழுவதும் பாட்டுக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் பெயர் தமிழகத்து வீடுகளிலும் வீட்டுப் பெயரானது. பாகவதர் இசைத்தட்டுகளும் அந்த ஒலிபரப்பில் சுழன்றன. தமிழகத்தின் பாட்டைத் தமிழகத்துக்கே கொழும்பு திருப்பிக் கொடுத்தது என்று இதைச் சொல்லலாம். அதில் கொழும்புத் தமிழருக்குப் பெருமைப்பட உரிமை உண்டு.

இங்கே மேற்குலகத்தோடு ஓர் ஒப்பீடு உதவும். ‘ஹரிதாஸ்’ வந்ததற்கு அடுத்த மாதம், 1944 நவம்பரில், அமெரிக்காவில் ஜூடி கார்லண்ட் நடித்த ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டு முன் ‘ஹாலிடே இன்’ படத்தில் பிங் கிராஸ்பி பாடிய ‘ஒயிட் கிறிஸ்மஸ்’ பாட்டு, 1954இல் தன் பெயரிலேயே ஒரு முழுப் படத்தை எழுப்பியது. போரில் பிரிந்திருந்த குடும்பங்களின் ஏக்கம் அந்தப் படங்களின் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்தது. பின்னர் தொலைக்காட்சி வருடாவருடம் அதே படங்களைக் காட்டியதால் கிறிஸ்மஸ் என்றால் அந்தப் படங்கள் என்று ஆனது. தமிழரிடம் அது நடக்கவில்லை. தீபாவளி புதியதைக் கேட்கும் பண்டிகை என்பதால் பழைய படத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் வாய்ப்பு இல்லை. படத்திலிருந்து பாட்டுத் தனியே கழன்று, இசைத்தட்டிலும் வானொலியிலும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் கச்சேரியின் துக்கடாப் பகுதியிலும் வாழத் தொடங்கியது. அமெரிக்கர் படத்தை வைத்துக்கொண்டார்கள், தமிழர் பாட்டை வைத்துக்கொண்டார்கள்.

கொழும்பில் படங்கள் காட்டும் ஏற்பாடும் பின்னாளில் கலைந்தது. 1972இல் செயற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களை இறக்கும் உரிமையைத் தன்வசம் எடுத்துக்கொண்டபின், தமிழகத்துத் தீபாவளிப் படத்தை அதே தீபாவளிக்குக் கொழும்பில் பார்ப்பது அரிதானது. 1983 ஜூலையில் தமிழருக்குச் சொந்தமான படமாளிகைகள் பல எரிந்தன. சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினம் ஹெந்தளையில் கட்டிய விஜயா ஸ்டூடியோவும் அங்கிருந்த படச்சுருள்களோடு எரிந்தது. குணரத்தினம் 1989 ஓகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். எரிந்த சுருள்களுள் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். இரு மொழியாரின் சினிமா வரலாறும் ஒரே தீயில் போனது.

‘ஹரிதாஸ்’ தப்பியது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ ஒரு பிரதிகூட இல்லாமல் அழிந்திருக்க, இந்தப் படம் முழுதாகப் பார்க்கக் கிடைக்கிறது. 1976இல் கே. பாலசந்தர் தன் படத்துக்கு ‘மன்மத லீலை’ என்று பெயர் வைத்தபோது, அந்தச் சொல்லைப் பாகவதர் பாட்டோடு சேர்த்து அறியாத பார்வையாளர் அரிது. ராமநாதனே 1958இல் ‘சாரங்கதரா’வில் சாருகேசியை மறுபடி எடுத்தார். அதற்குப் பிறகு வந்த இசையமைப்பாளர்களுக்கு அது பழகிய ராகம்.

2005 சித்திரைப் புத்தாண்டுக்கு வெளியான ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாள் ஓடியது. அறுபது ஆண்டாக நின்ற ‘ஹரிதாஸ்’ சாதனை அத்தோடு முறியடிக்கப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 133 வாரக் கணக்கை ஏற்பவர்கள் அதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கணக்கின்படி ‘ஹரிதாஸ்’ ஓடியது 931 நாள்.